ஆல்பம் தூக்கி வந்தவர்கள்

என் வீட்டுப் பரணில் பதினோரு பிஸ்கட் டின்கள் இருக்கின்றன. உள்ளே பட்டர் பேப்பர் உறைகளில் நெகட்டிவ்கள். ஒவ்வோர் உறையின் மேலும் மாமா கையெழுத்திலோ என் கையெழுத்திலோ தேதி, ஊர்ப்பெயர், பக்கத்தில் ‘சினிமா’ என்று ஒரு சொல். கடையை மூடியபோது கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் நெகட்டிவ்களையெல்லாம் வெள்ளி எடுக்கிறவரிடம் எடைக்குப் போட்டேன். இந்தப் பதினொன்றை மட்டும் போடவில்லை. இவற்றில் உள்ள முகங்களில் நீங்கள் திரையில் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவை நாலு தேறினால் அதிகம். மற்றவர்கள் ஆல்பம் தூக்கி வந்தவர்கள்.

‘ஆல்பம் தூக்குவது’ எங்கள் சந்தின் பேச்சு. சினிமாவில் சான்ஸ் கேட்டு அலைகிறவர், தன் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். கறுப்பு அட்டைத்தாள், படத்தின் நாலு மூலைக்கும் பசை தடவிய கார்னர், தாளுக்குத் தாள் நடுவே சலசலக்கும் பட்டர் பேப்பர், மேலே ரெக்சின் அட்டை. எங்கள் கடை ஆல்பத்துக்குப் பன்னிரண்டு பக்கம். அதற்குக் காரணம் கலை சம்பந்தப்பட்டது ஒன்றுமில்லை. மாமாவின் ரோலிகார்ட் கேமராவில் 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம் விழும். ஒரு ரோல், ஓர் ஆல்பம்.

1974இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, ரிசல்ட் வருவதற்குள் கும்பகோணத்தில் ரயிலேறி மாமாவிடம் வந்து சேர்ந்தேன். கடை வடபழனியில், ஆற்காடு சாலையிலிருந்து முருகன் கோயில் பக்கம் போகும் ஒரு சந்தில். வெளியூர்க்காரர்கள் கோடம்பாக்கம் என்று சொல்வதில் பாதிக்கு மேல் வடபழனிதான். ஏவி.எம். இங்கே, வாகினி இருந்ததும் இங்கே. காலையில் கடையைத் திறந்தால் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு முதல் ஆள் வந்து நிற்பார். விபூதியை அழித்துவிட்டுத்தான் லைட் போட முடியும். அழிக்கச் சொன்னால் முகம் வாடிப்போகும். என் முதல் வேலை அதுதான்: ஈரத்துண்டை நீட்டுவது.

மாமா 1950களின் தொடக்கத்தில் பட்டணம் வந்தவர். மவுண்ட் ரோடு ஸ்டூடியோ ஒன்றில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்து, பிறகு படப்பிடிப்புத் தளங்களில் ஸ்டில் எடுக்கிறவர்களுக்கு லைட் பிடித்து, 62இல் சொந்தக் கடை போட்டார். சினிமா சரித்திரம் முழுவதையும் அவர் தன் தொழில் வழியாகத்தான் சொல்லுவார். “முதல்ல தொண்டை, அப்புறம் பிளாக்கு, அப்புறம்தான்டா நம்ம ஆல்பம்.”

தொண்டை என்று அவர் சொன்னது பாய்ஸ் கம்பெனிகளை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையை ஆரம்பித்த காலத்தில், நடிக்க வேலை கேட்டுப் போகிறவன் எட்டு, பத்து வயதுப் பையன். கூட அப்பாவோ மாமனோ. வாத்தியார் ஆர்மோனியத்தில் ஒரு சுருதியைப் பிடித்து “பாடு” என்பார். பாடினால் சாப்பாடும் பாயும் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ரயிலில் ஊர். படம் காட்டவோ விண்ணப்பம் எழுதவோ வேண்டியதில்லை. எங்கள் ஊர் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் என்ற பையனும் அவன் அண்ணன் சக்கரபாணியும் வறுமை துரத்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். அந்தப் பையன் ‘சதி லீலாவதி’யில் தலைகாட்டியது 1936இல். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வந்தது 1947இல். நடுவில் பதினோரு வருஷம். எம்.ஜி.ஆரே பதினோரு வருஷம் காத்திருந்தார் என்பதை எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது தங்கள் கணக்கில் எத்தனை கழிந்திருக்கிறது என்று விரல் விடாமல் இருந்ததில்லை.

பிளாக் வேறு கதை. குரல் உடைந்து கம்பெனியை விட்டு வெளியே வந்த நடிகர்கள் ஸ்பெஷல் நாடகத்துக்குப் போனார்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஒருவர் நாடகம் பேசுவார்; ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறிடத்திலிருந்து. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஜனங்களுக்கு முன்கூட்டியே அவர்களை அறிமுகப்படுத்துவது நோட்டீஸ். அதில் படமும், படத்துக்கு மேலே பட்டமும். துத்தநாகத் தகட்டில் முகத்தைப் புள்ளி புள்ளியாக அரித்தெடுத்து, மரக்கட்டையில் ஆணியடித்த பிளாக்கை அச்சாபீசில் கொடுத்தால்தான் நோட்டீஸில் முகம் விழும். விவரமான நடிகர் தன் பிளாக்கைத் தானே துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பாராம். இருபது வயதில் செய்த பிளாக் ஐம்பது வயதிலும் அடித்துக்கொண்டிருக்கும். நோட்டீஸைப் பார்த்து வந்தவன் மேடையில் கிழவரைப் பார்த்துக் கூச்சல் போட்டால், மிருதங்கக்காரர் வேகத்தைக் கூட்டிச் சமாளிப்பார். மாமாவின் அப்பா, என் தாத்தா, அப்படிக் கூச்சல் போட்டவர்களில் ஒருவர் என்பது குடும்பப் பெருமை.

பேசும்படம் வந்து கொஞ்ச நாளில் வேலை தேடும் ஊர்கள் மாறின. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். 1948இல் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியைக் காலிசெய்துகொண்டு கோடம்பாக்கம் வந்தார். வாகினியும் அந்தச் சமயத்தில்தான் எழுந்தது. ஜெமினி அதற்கு முன்பே நகரத்துக்குள் நின்றிருந்தது. அந்த ஸ்டூடியோக்களில் மாதச் சம்பளம் நடைமுறையில் இருந்தது. நடிகர், பாட்டெழுதுகிறவர், மேக்கப்காரர், தச்சர் எல்லாரும் பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். ஆகவே வேலை தேடுவது என்றால் உள்ளே நுழைவது. எந்த வேலையாக இருந்தாலும் சரி, கேட்டுக்கு உள்ளே போய்விட வேண்டும்.

1952 முதல் பதினான்கு வருஷம் ஜெமினியில் இருந்த அசோகமித்திரன், நாளெல்லாம் பத்திரிகைகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்த்துக்கொண்டிருந்ததைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அங்கே மேக்கப் பகுதியில் ஒரு ‘ஆபீஸ் பையன்’ இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். பெரிய நடிகராகவோ கதாசிரியராகவோ இயக்குநராகவோ ஆகலாமென்று வருஷங்களுக்கு முன் நுழைந்தவர், கும்பல் காட்சிக்கு வருகிறவர்களின் முகத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நான் அதைப் படித்தது கடையில் வைத்து. படித்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஹைப்போவில் ஊறி நகக்கண் எல்லாம் பழுப்பு. நானும் நடிக்கத்தான் வந்தேன் என்று இதுவரை எழுதாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். மாமா கேமரா வைத்திருக்கிறார், ஏவி.எம். பக்கத்தில் இருக்கிறது, அது போதாதா என்று பதினேழு வயதில் நினைத்தேன். அவர் ஒரே ஒரு படம் எடுத்தார். பிரிண்டைக் கையில் கொடுத்து, “பார்த்துக்கோ” என்றார். பார்த்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து டார்க் ரூம்.

ஜெமினி வாசன் தொழிலை ஆரம்பித்ததே விளம்பர ஏஜென்டாகவும் தபாலில் சாமான் விற்கிறவராகவும்தான். 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். ‘சந்திரலேகா’வை 1948இல் தமிழிலும் இந்தியிலும் கொண்டுவந்தபோது அவர் செய்த விளம்பரத்தைப் பார்த்து வடக்கத்திக்காரர்களே அசந்துபோனார்கள். படத்தை விற்பதற்கு ஆள் வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே அதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஒருவர் வந்தது 1958இல், ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு. அவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். கேமராவும் கையுமாக இருந்தவர் என்பதால் மாமாவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். “நம்ம ஜாதிடா அவரு” என்பார். போட்டோக்கார ஜாதி. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

படத்துக்கு பி.ஆர்.ஓ. உண்டு. படமே கிடைக்காதவனுக்கு யார் பி.ஆர்.ஓ.? அந்த இடத்தில்தான் ஆல்பம் வந்தது. 60களில் ஸ்டூடியோ மாதச் சம்பளம் தேய்ந்து, படத்துக்குப் படம் கான்ட்ராக்ட் என்று ஆகிவிட்டிருந்தது. ஒரு கேட்டுக்குப் பதில் நூறு வாசல், தி.நகரிலும் கோடம்பாக்கத்திலும் வீடுகளுக்கு முன்னால் கம்பெனிப் பலகைகள். 1964இல் ஸ்ரீதர் ‘காதலிக்க நேரமில்லை’யில் ரவிச்சந்திரன் என்ற புது ஆளைக் கதாநாயகனாக்கினார். அடுத்த வருஷம் ‘வெண்ணிற ஆடை’யில் நிறையப் புதுமுகங்கள். ஜெயலலிதா, நிர்மலா, ஸ்ரீகாந்த், மூர்த்தி. 66இல் ‘பொம்மை’ பத்திரிகை வந்து, நட்சத்திரங்கள் வீட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பளபளப்பாகக் காட்டியது. தாராபுரத்திலும் தென்காசியிலும் இருந்த பையன்கள் அதைப் பார்த்துக் கண்ணாடி முன் நின்றார்கள். மாமா கடை போட்டிருந்த நேரம் அப்படி. “நான் ஜோசியம் பாத்தா கடை வச்சேன்?” என்று அவர் சிரிப்பார்.

வாலி, நாகேஷ், ஸ்ரீகாந்த் மூவரும் தி.நகர் கிளப் ஹவுஸில் ஒன்றாகத் தங்கி வாய்ப்புத் தேடியது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஊருக்கே திரும்பிவிடலாமென்று இருந்த வாலி, ‘சுமைதாங்கி’க்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டைக் கேட்டு மனம் மாறியதை அவரே சொல்லியிருக்கிறார். பாட்டெழுதுகிறவனுக்கு ஆல்பம் கிடையாது, நோட்டுப் புத்தகம். உதவி இயக்குநராக வருகிறவனுக்கு வாயில் கதை. எங்களிடம் வந்தவர்கள் முகத்தை விற்க வேண்டியவர்கள்.

நாகேஷ் முகத்தில் அம்மைத் தழும்பு. அந்த முகத்தோடு அவர் 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ செய்தார். ஓட்டல் சர்வர் சினிமா நடிகனாகிற கதை. அதற்குப் பிறகு அம்மைத் தழும்போடு வருகிறவர்கள் யாரும் ஆசையை விடவில்லை. “நாகேஷ் இல்லையா சார்?” என்பார்கள். மாமா அவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். “நாகேஷ் ஒருத்தர்தாம்ப்பா. நீ மூஞ்சியை என்கிட்ட விடு.”

அவர் விடச் சொன்ன முகத்தை என்ன செய்வார் என்பதுதான் எங்கள் தொழிலின் உயிர். அதற்கு டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் வெள்ளையும் கறுப்பும் தலைகீழ். தோல் கறுப்பாகத் தெரியும். தழும்பின் பள்ளம், பருவின் நிழல், கண்ணுக்குக் கீழே குழி எல்லாம் கண்ணாடி மாதிரி வெளிறி நிற்கும். அந்த வெளிறிய இடத்தைப் பென்சிலால் நிரப்பினால், பிரிண்டில் அது தோலோடு தோலாகிவிடும். நெகட்டிவின் மருந்துப் பக்கம் முதலில் பஞ்சால் மீடியம் தடவ வேண்டும், பென்சில் வழுக்காமல் இருக்க. பிறகு சாய்வு மேஜையில், பின்னால் பல்பு எரிய, பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். டூ-ஹெச் பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஒரு அங்குலத்துக்கு ஊசி மாதிரி சீவியிருப்பார். அழுத்தவே கூடாது. காற்புள்ளி போடுவது மாதிரி குட்டிக் குட்டி வளைவு. 120 நெகட்டிவில் ஒரு முகம் பழைய ஐம்பது பைசா அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் இருநூறு, முந்நூறு காற்புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார். விட்டால் கை ஆடும். ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம். முடித்துவிட்டுத் தூக்கிப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் திருப்தியை நான் சாமி கும்பிடும்போதுகூட அவரிடம் பார்த்ததில்லை.

பிரிண்ட் போடும்போது இன்னொரு கைவேலை. என்லார்ஜர் வெளிச்சம் பேப்பரில் விழுகிற சில விநாடிகளில், முகத்துக்கு மேல் மட்டும் விரல்களை அசைத்து நிழல் கொடுத்தால் அந்த இடம் வெளுக்கும். நிறம் குறைந்தவர்கள் கேட்பது அதைத்தான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். “கொஞ்சம் பிரைட்டா” என்பார்கள். பேப்பர் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’. சில மாதம் தாராளமாக வரும், சில மாதம் கடை கடையாக அலைய வேண்டும். கழுவிய பிரிண்டைக் கிளேசிங் தகட்டில் ரோலர் போட்டு ஒட்டவைத்தால், காய்ந்து தானாக டப்பென்று விழும்போது பளபளவென்று இருக்கும். அந்த டப் சத்தத்துக்காக வெளியே பெஞ்சில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள்.

அப்புறம் கெட்டப். கோட்டு சூட்டு ஒன்று, கடையில் தொங்கும். எல்லாருக்கும் ஒரே கோட்டு, முதுகில் துணி கிளிப் போட்டு இறுக்குவோம். கட்டம் போட்ட லுங்கியும் கர்ச்சீப்பும் கட்டிய ரவுடி. போலீஸ். தலையில் மாவு தடவிய கிழவர். கண்ணில் கிளிசரின் விட்ட அழுகை. கடைசிப் பக்கம் சிரிப்பு. 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்து, பிலிம் சேம்பரின் நடிப்புப் பள்ளியில் படித்தவர். அடுத்த இரண்டு வருஷத்தில் வருகிறவர்களெல்லாம் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற போஸ் கேட்டார்கள். ஐந்நூறு வாட் பல்பு வெளிச்சத்தில் பறக்கிற சிகரெட் ஒரு கோடாகத்தான் விழும். நான் ஒரு யோசனை செய்தேன். சிகரெட்டைக் கறுப்பு நூலில் கட்டி வாய்க்கு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டேன். பின்னால் கறுப்புத் துணி. பிரமாதமாக வந்தது. என் வாழ்க்கையில் சினிமாவுக்கு நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு அது.

இப்படி அச்சு மாறாமல் ஓடிக்கொண்டிருந்த கடையை ஒரு படம் கெடுத்தது. 1977இல் ‘16 வயதினிலே’. ஸ்டூடியோவை விட்டு வெளியே போய், வெயிலில், வியர்வையில், எண்ணெய் வழிகிற முகங்களை எடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ‘உதிரிப்பூக்கள்’. நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மறைத்ததையெல்லாம் அவர்கள் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அது எனக்கு உறைத்த நாள் நினைவிருக்கிறது. ஒரு கம்பெனியின் இணை இயக்குநர் லொகேஷன் படங்கள் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தார். வாங்க வந்தவர், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த புரூஃப்களைப் பார்த்தபடி நின்றார். புரூஃப் என்பது டச்சிங்குக்கு முன் போடுகிற குட்டிப் பிரிண்ட். எந்தப் படம் வேண்டுமென்று பார்ட்டி டிக் அடிப்பதற்கு. பிறகு குப்பைக்குப் போகும். அவர் ஒரு முகத்தைத் தொட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், உதட்டில் வெட்டுத் தழும்பு.

“இவன் எங்க இருக்கான்?”

மாமா உற்சாகமாக அந்தப் பையனின் முடிந்த ஆல்பத்தை எடுத்து நீட்டினார். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். மூடினார்.

“இது வேற ஆளு, சார். எனக்கு அந்தாளைச் சொல்லுங்க.”

பையனுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் ஒருவனாக இரண்டு நாள் வேலை கிடைத்தது. அதோடு சரி, பெரிய கதையாக எதுவும் ஆகவில்லை. ஆனால் மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு அப்போது தோன்றியதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை: எங்களிடம் காசு கொடுத்தவர்களுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது, வேலை கொடுக்கிறவர்களுக்கு வேறொரு படம். நாங்கள் காசு கொடுத்தவர்களுக்குத்தான் போட்டுக்கொடுத்தோம். வேறென்ன செய்ய முடியும்? “உன் தழும்பு அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி யாரிடம் முழு ரோலுக்குக் காசு வாங்குவது?

அதற்கும் மாமாவே வழி கண்டுபிடித்தார். ஆல்பத்தில் ‘கிராமத்து கெட்டப்’ என்று ஒரு பக்கம் சேர்ந்தது. முகத்தில் தேங்காயெண்ணெய் தடவி, தோளில் அழுக்குத்துண்டு போட்டு, தலையைக் கலைத்து எடுப்போம். எடுத்துவிட்டு அதற்கும் டச்சிங் செய்வார். கை நிற்காது அவருக்கு.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் முகத்துக்கு அடுத்த விளம்பரம் பெயர்தான். ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா, 1980க்குப் பிறகு ‘நிழல்கள்’ ரவி. அறிமுகமான படமே இனிஷியல். விசிட்டிங் கார்டில் வேலை அனுபவம் என்று தனியாகப் போட வேண்டியதில்லை, பெயரைச் சொன்னாலே போதும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. ஆல்பம் போட்டவர்கள் அங்கே போய்க் கார்டும் அடிப்பார்கள். ஒருவர் தான் நடித்த படத்தின் பெயரை முன்னால் போட்டு ஆயிரம் கார்டு அடித்தார். அந்தப் படம் பாதியில் நின்றுபோய் வெளிவரவே இல்லை. அவர் பெயரில் மட்டும் அது இருபது வருஷம் ஓடியது. அவரைக் கூப்பிடும்போது நாங்களும் படத்தின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

பெண்கள் தனியாக வரமாட்டார்கள். அம்மாவோ சித்தியோ கூட வந்து, லைட் போடும்போது பக்கத்திலேயே நிற்பார்கள். படம் வாங்கும்போது எல்லா அம்மாக்களும் கேட்பது ஒன்றுதான். “நெகட்டிவையும் கொடுத்துடுங்க தம்பி.” கொடுத்துவிடுவோம். அதனால் என் பிஸ்கட் டின்களில் பெண்கள் மிகக் குறைவு. அந்த அம்மாக்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். பயம் வீண் இல்லை என்பதும் தெரியும்.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. ‘புதுமுகங்கள் தேவை’ என்று பேப்பரில் விளம்பரம் வரும். லாட்ஜில் ரூம் போட்டு, மேஜை மேல் பூ வைத்து, பதிவுக் கட்டணம் வாங்குவார்கள். ஆல்பம் இல்லாதவர்களை, “இன்ன ஸ்டூடியோவில் போட்டுக்கிட்டு வாங்க” என்று அனுப்புவார்கள். அந்த ஸ்டூடியோவிலிருந்து அவர்களுக்குக் கமிஷன். 80களில் ஒருவர் எங்களிடம் வந்து அப்படிப் பேசினார். மாமா முடியாதென்றார். அடுத்த மாதம் வாடகை பாக்கி நின்றது, சரியென்றார். இரண்டு மாதம் நாளுக்கு ஐந்து, ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் லாட்ஜ் ரூம் பூட்டிக்கிடந்தது. பையன்கள் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். திட்டக்கூட இல்லை. “உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே சார்?” என்றான் ஒருவன். மாமா பணத்தைத் திருப்பித் தரவில்லை. தரச்சொல்லி நானும் சொல்லவில்லை.

அப்புறம் வந்த காலத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன், எனக்கு அதில் பங்கு குறைவு. கலர் லேப்கள் வந்தன; மெஷினில் போட்டால் அரை மணியில் கையில் படம். நெகட்டிவில் பென்சில் வைக்க இடமில்லை. ஆல்பம் என்ற சொல்லைக் கல்யாணக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சினிமாவுக்கு வந்தவர்கள் போர்ட்ஃபோலியோ என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமா இறந்த வருஷம் சி.டி.யில் படம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். சில வருஷத்தில் கடையை மூடினேன். கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ வந்தபின் குறும்படமே சிபாரிசுக் கடிதமானது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள். வாகினி இருந்த இடத்தில் 2013இல் ஷாப்பிங் மால் திறந்தார்கள். நடிக்க ஆள் வேண்டுமென்றால் இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது; ‘மேக்கப் இல்லாமல், ஃபில்டர் போடாமல் வீடியோ அனுப்பவும்’ என்று கீழே ஒரு வரி. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் மாமா நினைவு வரும்.

போன வருஷம் சாலிகிராமத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். அப்பா போய்ப் பதினாறாம் நாள் நெருங்குகிறது, மாட்டுவதற்கு நல்ல படம் இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண வீடுகளில் கும்பலோடு நின்றவை. முப்பது வருஷம் கும்பல் காட்சிகளில் நின்றவர், படத்திலும் கும்பல்தான். 1983இல் எங்கள் கடையில் ஆல்பம் போட்டதாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டது.

ஏழாவது டின்னில் இருந்தார். பன்னிரண்டில் முகம் பெரிதாக விழுந்தது போலீஸ் கெட்டப் மட்டும்தான்.

நெகட்டிவை எடுத்துக்கொண்டு இருவரும் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினான் பையன். பெரிதாக்கியதும் கன்னமெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ. “என்ன சார் இது, மூஞ்சி பூரா கோடு கோடா? ஃபங்கஸா?” என்றான். காற்புள்ளிகள். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டவை.

நெகட்டிவை வாங்கி, பக்கத்துப் பெயின்ட் கடையில் டர்பன்டைன் கொஞ்சம் கேட்டு, பஞ்சில் தொட்டு, மருந்துப் பக்கம் மெல்லத் துடைத்தேன். மீடியத்தோடு பென்சில் வந்துவிட்டது. பஞ்சு சாம்பல் நிறமானது. மறுபடி ஸ்கேன் செய்தான். கன்னம் இரண்டிலும், மூக்குத் தண்டிலும், அம்மைத் தழும்பு குழிகுழியாக எழுந்து நின்றது.

“தழும்பை எடுத்துடட்டுமா அக்கா? ரெண்டு கிளிக்தான்” என்றான் பையன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பதான் அப்பா வந்திருக்காரு” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”

“அப்ப தொப்பியை?”

கொஞ்சம் யோசித்தார்.

“தொப்பியும் இருக்கட்டும் தம்பி.”

பன்னிரண்டுக்குப் பதினெட்டு போடச் சொன்னோம். பொட்டு வைக்க நெற்றியில் இடம் போதவில்லை என்று தொப்பியை மட்டும் ஒரு இழை மேலே ஏற்றினான்.